மேம்பட்ட ஆங்கிலச் சொல்வளம்: பட்டியலை விட்டு எங்கிருந்து தொடங்கலாம்?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் செய்திகளைத் தடங்கலில்லாமல் படிக்க முடிகிறது. வேலை தொடர்பான மின்னஞ்சல்களையும் எழுத முடிகிறது. ஆனால் கொஞ்சம் கனமாக எழுத உட்கார்ந்தால் 'குட்', 'பேட்', 'வெரி இம்பார்ட்டன்ட்' என்று பழகிய சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜிஆர்இ-க்கான சொற்பட்டியல் ஒன்றை வரிசையாக மனப்பாடம் செய்தும் ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் மறந்துபோகிறது. மேம்பட்ட சொல்வளம் வேண்டுமென்றால் என்ன செய்வது?

ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த நிலையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்குச் சொற்கள் தெரியாமல் இல்லை. தெரிந்த சொற்களோடு பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான். படிக்கும்போது புரிகிற சொல் ஒரு வகை, எழுதும்போது கேட்காமலே கைக்கு வருகிற சொல் இன்னொரு வகை. தாய்மொழியிலும் முதல் வகைதான் பெரியது. ஆகவே புதிய சொற்களைச் சேர்ப்பது பாதி வேலை. ஏற்கெனவே புரிகிற சொற்களை இரண்டாவது வகைக்குக் கொண்டுவருவது மீதிப் பாதி. பட்டியல் மனப்பாடம் இந்த இரண்டாவது பாதியைத் தொடுவதே இல்லை.

எத்தனை சொற்கள் தேவை என்பதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாவல்களையும் நாளிதழ்களையும் அகராதி துணையின்றிப் படிக்க சுமார் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் போதும். பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000. சொற்குடும்பம் என்றால் 'டிசைட்', 'டிசிஷன்', 'டிசைசிவ்', 'இன்டிசைசிவ்' எல்லாம் சேர்ந்து ஒன்று என்று கணக்கு. அவர் வைத்த அளவுகோல், ஓர் உரையில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். அதிகம் புழங்கும் முதல் 2,000 குடும்பங்களே சாதாரண உரையில் எண்பது சதவீதத்துக்கு மேல் வந்துவிடும். செய்தி புரிகிறது என்றால் அந்த 2,000-ஐ நீங்கள் எப்போதோ தாண்டியாயிற்று.

ஆகவே நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம், மூவாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் நடுவில் இருக்கிற பகுதி. ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதியில் ஐந்து லட்சத்துக்கு மேல் சொற்கள் இருப்பதைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. அவற்றில் மிகப் பெரும்பான்மையை ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் வாழ்நாளில் எதிர்கொள்வதில்லை. அபூர்வச் சொற்களைத் தேடிப் பிடிப்பதுதான் மேம்பட்ட சொல்வளம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். 'ப்ளாசிபிள்', 'டெனுவஸ்', 'அண்டர்மைன்', 'ரிலக்டன்ட்', 'ஆல்பீயிட்' போன்றவைதான் நல்ல கட்டுரையாளர் ஒருவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையாளும் சொற்கள். அவற்றைப் பார்த்தால் அர்த்தம் ஓரளவு தெரியும், ஆனால் எழுத வராது. வேலை அங்கேதான் இருக்கிறது.

பட்டியல் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஒன்று உண்டு. மொழியியலாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் அது. 570 சொற்குடும்பங்கள்தான். ஆனால் கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம் அவற்றால் ஆனது. சிறிய பட்டியல், படிக்கும் இடமெல்லாம் எதிரே வந்து நிற்கும் சொற்கள். அதனால் அதற்குக் கொடுக்கும் நேரம் வீணாகாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சொல்லின் அர்த்தம் தெரிவதற்கும் அந்தச் சொல்லே தெரிவதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. 'மிட்டிகேட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 'குறைத்தல், தணித்தல்' என்று போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி 'விலையை மிட்டிகேட் செய்தார்கள்', 'எடையை மிட்டிகேட் செய்தேன்' என்று எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் முகம் சுளிப்பார். இந்தச் சொல்லுக்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் 'ரிஸ்க்', 'இம்பாக்ட்', 'எஃபெக்ட்ஸ்', 'டேமேஜ்' போன்றவை. வரப்போகிற அல்லது வந்துவிட்ட ஒரு கேட்டின் கடுமையைக் குறைப்பதுதான் அதன் வேலை. வலி, வறுமை, துன்பம் என்றால் 'அலீவியேட்' வந்து உட்கார்ந்துகொள்ளும். நிலைமையை இன்னும் மோசமாக்குவது 'எக்ஸாசர்பேட்'. அதுவும் 'ப்ராப்ளம்', 'டென்ஷன்ஸ்', 'சிம்ப்டம்ஸ்' போன்றவற்றோடுதான் சேரும். அப்புறம் நீதிமன்றத்துக்குப் போனால் 'மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்' என்று ஒன்று உண்டு. குற்றத்தை இல்லையென்று ஆக்காமல் தண்டனையை மட்டும் குறைக்கக்கூடிய சூழ்நிலைகள் அவை. கடைசியாக 'அன்மிட்டிகேட்டட் டிசாஸ்டர்'. எந்த ஆறுதலுக்கும் இடமில்லாத முழுப் படுதோல்வி. இவ்வளவும் ஒரே ஒரு சொல்லைச் சுற்றி இருப்பவை. இவை தெரிந்தால்தான் 'மிட்டிகேட்' உங்களுடைய சொல்.

ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து வருகிறது என்பதை வைத்துத்தான் அறிய முடியும் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த் 1957-இலேயே எழுதிவிட்டார். அவர் வழியில் வந்த ஜான் சின்க்ளேர், கணினியில் கோடிக்கணக்கான சொற்களைக் கொண்ட உரைத்தொகுப்புகளை வைத்துப் பார்த்தபோது இது இன்னும் தெளிவானது. 'செட் இன்' என்ற எளிய தொடரை அவர் கவனித்தார். அர்த்தம் 'தொடங்கி நிலைபெறுதல்'தான். ஆனால் எதைப் பற்றி அப்படிச் சொல்கிறார்கள்? அழுகல், நோய், விரக்தி, மோசமான வானிலை. நல்ல விஷயங்கள் 'செட் இன்' ஆவது அரிது. 'காஸ்' (ஏற்படுத்து) என்ற அன்றாடச் சொல்லுக்கும் இதே குணம் உண்டு. அதற்குப் பின்னால் சேதம், சிக்கல், கவலை, மரணம் என்று கெட்டவையே வரிசை கட்டும். அதனால்தான் 'இந்தத் திட்டம் முன்னேற்றத்தைக் காஸ் செய்தது' என்று எழுதினால் இலக்கணம் சரியாக இருந்தும் காதில் இடறுகிறது. இந்த நிறத்தை எந்தப் பட்டியலும் சொல்லித் தராது.

திருத்தும்போது நான் அதிகம் மாற்றுவது, ஒருபொருட்சொல் அகராதியிலிருந்து நேரடியாக எடுத்துப் போட்ட சொற்களைத்தான். ஒல்லி என்ற பொருளில் 'ஸ்லிம்', 'ஸ்லெண்டர்', 'ஸ்கின்னி', 'காண்ட்' நான்கையும் அது ஒரே வரியில் கொடுத்துவிடும். முதல் இரண்டும் பாராட்டு, மூன்றாவது கொஞ்சம் இளக்காரம், நான்காவது நோயோ பசியோ வாட்டிய முகம். போதாததற்கு வாய்ப்பு குறைவு என்பதற்கு 'ஸ்லிம் சான்ஸ்' சொல்லலாம், 'ஸ்கின்னி சான்ஸ்' சொல்ல முடியாது. மறந்துபோன சொல்லை நினைவுக்குக் கொண்டுவர அந்த வகை அகராதி நல்ல துணை. ஆனால் ஏற்கெனவே பழகாத சொல்லை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது, கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி தன் மாணவர்களின் தேவையைப் பார்த்துத் தொகுத்ததுதான் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்து இன்றுவரை தொடர்கிறது. 1978-இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதியது. சின்க்ளேர் தலைமையில் 1987-இல் வந்த கோபில்ட் இன்னும் ஒரு படி மேலே போய், முழு வாக்கியமாகவே விளக்கம் தந்தது. அதைப் படிக்கும்போதே சொல்லை எப்படிக் கையாளுவது என்பதும் தெரிந்துவிடும். இவற்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தமிழ் அர்த்தம் பார்ப்பது தப்பே இல்லை, சட்டென்று பிடி கிடைக்கும். ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களை மூன்று நான்காவது படித்துவிட்டு வெளியே வாருங்கள். இன்னும் ஆழமாகப் போக விரும்பினால், நூறு கோடிச் சொற்களுக்கு மேல் கொண்ட சமகால அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பான கோகாவில் ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள். அது யாரோடெல்லாம் வருகிறது என்பது எண்ணிக்கையோடு வந்துவிழும்.

எதைப் படிப்பது? உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வமுள்ள ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அதில் நீளமான கட்டுரைகளையும் புத்தகங்களையும் தொடர்ந்து படியுங்கள். பொருளாதாரமோ, விளையாட்டோ, மருத்துவமோ, எதுவானாலும் சரி. ஒரே துறைக்குள் சுற்றும்போது அதே சொற்கள் வெவ்வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு சொல் மனத்தில் பதிவது அப்படித்தான். இன்று அறிவியல், நாளை சினிமா, மறுநாள் அரசியல் என்று தாவினால் இந்தத் திரும்ப வருதல் நடக்காது. தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் நிற்க வேண்டாம், வாசிப்பே செத்துவிடும். முதல் முறை வந்தால் கடந்துபோங்கள். அதே சொல் இரண்டாம் மூன்றாம் முறை எதிர்ப்பட்டால் நின்று பாருங்கள். பழைய நாவல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, இன்பத்துக்காகத் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் சொல் சேகரிக்க முதலில் நாட வேண்டியது கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றை.

படிக்கும்போது பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களில் கண் வையுங்கள். ஆங்கிலக் கட்டுரையின் நுட்பமெல்லாம் அங்கேதான் குவிந்திருக்கிறது. 'சொன்னார்' என்பதற்கு எப்போதும் 'செட்' போடுகிறவர்கள் இதைக் கவனித்துப் பாருங்கள். திட்டம் தாமதமாகிறது என்று ஓர் அதிகாரி பேசுகிறார். எழுதுபவர் 'கன்சீட்' என்று போட்டால், தன் தரப்புக்குப் பாதகமானதை அவர் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார் என்று பொருள். 'அக்னாலெட்ஜ்' என்றால் ஒப்புக்கொண்டதில் அந்தக் கசப்பு குறைவு. 'க்ளெய்ம்' என்றால், அவர் அப்படிச் சொல்கிறார், உண்மையா என்பதற்கு நான் பொறுப்பல்ல என்று எழுதுபவர் ஒதுங்கிக்கொள்கிறார். 'கன்டெண்ட்' என்றால் எதிர்வாதம் இருப்பது தெரிந்தே அவர் வாதிடுகிறார். 'இன்சிஸ்ட்' என்றால் மற்றவர்கள் சந்தேகித்தும் விடாப்பிடியாக நிற்கிறார். 'இம்ப்ளை' என்றால் வாய் திறந்து சொல்லாமலே உணர்த்திவிட்டார். 'அலெஜ்' வந்தாலோ, நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு என்று சட்ட வாசனை அடிக்கும். பேசியது ஒன்றுதான். எந்த வினையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் எழுதுபவரின் நிலைப்பாடு வெளிப்பட்டுவிடுகிறது. இந்த ஏழெட்டு வினைகளைச் சரியாகக் கையாளத் தெரிந்தவரின் எழுத்து, முந்நூறு அபூர்வச் சொற்களை மனப்பாடம் செய்தவரின் எழுத்தைவிட எவ்வளவோ முதிர்ச்சியாக இருக்கும்.

இதே இடத்தில் கூட்டுவினைகளையும் சொல்ல வேண்டும். 'ரூல் அவுட்', 'ஃபேஸ் அவுட்', 'ப்ளே டவுன்', 'அக்கவுன்ட் ஃபார்' போன்றவை எளிய துண்டுகளால் ஆனவை என்பதால் பலர் அவற்றை மேம்பட்டவையாக மதிப்பதில்லை. மேம்பட்ட ஆங்கிலத்துக்கு இவை இல்லாமல் முடியாது.

வேர்ச்சொற்களைப் படித்தால் எல்லாம் வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சும், அதோடும் அதற்குப் பின்னும் லத்தீனும் ஆங்கிலத்துக்குள் கொட்டின. அதனால் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்கில் சொற்கள் கிடைக்கின்றன. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'க்வெஸ்ச்சன்' பிரெஞ்சு வழி, 'இன்டராகேட்' லத்தீன். மேலே போகப் போக விறைப்பும் கூடுகிறது. கேள், வினவு, விசாரி என்று அடுக்கிப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஏற்ற இறக்கம் புதிதல்ல. எந்த அடுக்கு எங்கே பொருந்தும் என்ற உணர்வை ஆங்கிலத்துக்கும் வளர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பார்த்தல் என்ற பொருள் கொண்ட லத்தீன் 'ஸ்பெக்' வேரைத் தெரிந்துகொண்டால் 'இன்ஸ்பெக்ட்', 'ரெட்ரோஸ்பெக்ட்', 'ப்ராஸ்பெக்ட்' எல்லாம் ஒரே கொத்தாக நிற்கும். 'சர்கம்ஸ்பெக்ட்' என்றால் சுற்றுமுற்றும் பார்ப்பவர், ஆகவே எச்சரிக்கையானவர். இப்படி நினைவில் வைக்க வேர்கள் அருமையான துணை. ஆனால் தெரியாத சொல்லின் அர்த்தத்தை வேரை வைத்து மட்டும் ஊகிக்காதீர்கள். முன்னால் 'இன்' இருப்பதால் 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பற்றாதது என்று நினைத்தால் ஆபத்து. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பற்றது அல்ல, விலைமதிப்பற்றது.

சரி, மறதிக்கு வருவோம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே கரைந்துபோகிறது, அதன்பின் மறதியின் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. பட்டியல் மறந்துபோவது உங்கள் மூளையின் குறை அல்ல என்பதற்கு இது போதும். தொடர்பில்லாத சொற்களை வரிசையாக விழுங்கினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். இன்னொரு ஆய்வையும் சொல்கிறேன். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் மாணவர்களை வைத்துச் செய்தது. ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். திரும்பப் படிப்பது 'தெரியும்' என்ற உணர்வைத் தரும். நினைவிலிருந்து தோண்டி எடுப்பதுதான் தங்க வைக்கும்.

இதைச் செய்ய ஆன்கி போன்ற இலவசச் செயலி போதும். எளிதாக நினைவுக்கு வரும் அட்டையைத் தள்ளித் தள்ளிக் காட்டும், மறப்பதை அடிக்கடி காட்டும். செயலி வேண்டாம் என்றால் செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை இருக்கிறது. தெரிந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும், தெரியாதது முதல் அறைக்கே திரும்பும். கருவியைவிட, அட்டையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம் என்று எழுதினால் அது பட்டியலின் மறுபிறவி. அதற்குப் பதில் நீங்கள் படித்த வாக்கியத்தையே எழுதி, சொல் இருந்த இடத்தைக் காலியாக விடுங்கள். 'தி கம்பெனிஸ் அக்கவுன்ட்ஸ் ஹேவ் கம் அண்டர் க்ளோஸ்' என்று எழுதிவிட்டு ஒரு கோடு. விடை 'ஸ்க்ரூட்டினி'. இந்த ஒரு அட்டையில் சொல்லும் வந்துவிட்டது, 'கம் அண்டர்' என்ற வினையும் வந்துவிட்டது, 'க்ளோஸ்' என்ற அடைமொழியும் வந்துவிட்டது. மறுபக்கத்தில் விடைக்குக் கீழே 'பப்ளிக் ஸ்க்ரூட்டினி', 'வித்ஸ்டாண்ட் ஸ்க்ரூட்டினி' என்று இரண்டு கூட்டாளிகளை மட்டும் சேருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து புதிய அட்டைகளுக்கு மேல் போகாதீர்கள். வருடத்தில் முந்நூறு நாள் செய்தாலே 1,500 சொற்கள், அதுவும் உருப்படியாகத் தெரிந்த சொற்கள். ஊரார் தொகுத்த ஆயத்த அட்டைகளை இறக்கிப் பயன்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்களே சந்தித்த வாக்கியம் என்பதால்தான் அது ஒட்டிக்கொள்கிறது.

உச்சரிப்பை அட்டையிலேயே குறித்துவிடுங்கள். கண்ணால் மட்டும் கற்ற சொல்லைப் பேச வாய் தயங்கும். 'எபிடோம்' என்று தோன்றுவது 'எபிட்டமி', 'ஹைப்பர்போல்' என்று தோன்றுவது 'ஹைப்பர்பலி'. அழுத்தமும் இடம் மாறும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம், படம் எடுப்பவரைக் குறிக்கும் 'ஃபடாக்ரஃபர்' என்பதில் இரண்டாவதற்குப் போய்விடுகிறது. இணைய அகராதிகளில் ஒலிக்குறியைத் தட்டி ஒருமுறை உரக்கச் சொன்னால் போதும்.

இனி, அட்டையில் தேறிய சொல்லை எழுத்துக்குக் கொண்டுவரும் பயிற்சி. நான் அறிந்ததில் மிகச் சிறந்தது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சிறுவயதில் செய்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருப்பது. 'ஸ்பெக்டேட்டர்' இதழின் கட்டுரைகள் அவருக்குப் பிடித்திருந்தன. ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொண்டு, சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளை வைத்தே கட்டுரையைத் தானாக எழுதிப் பார்த்தார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். சொல் இருப்பு தனக்குப் போதவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்காகச் சில கதைகளைச் செய்யுளாக மாற்றினார். ஓசைக்கும் அளவுக்கும் பொருந்த ஒரே பொருளுடைய வெவ்வேறு சொற்களைத் தேடியாக வேண்டிய கட்டாயம் வரும் அல்லவா! செய்யுள் உங்களுக்கு வேண்டாம். முதல் பகுதியை மட்டும் வாரம் ஒரு பத்தி செய்யுங்கள். நீங்கள் 'வெரி டிஃபிகல்ட்' என்று எழுதிய இடத்தில் மூல ஆசிரியர் 'டான்டிங்' என்று போட்டிருப்பார். 'நாட் க்ளியர்' என்று எழுதிய இடத்தில் 'ஆம்பிகுவஸ்' இருக்கும். அந்த இரண்டு சொல்லும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாகவே இருக்கும். தேவைப்பட்ட நேரத்தில் வராமல் போனதை நேரில் பார்த்தபின் அவை அடுத்த முறை வரும்.

அடிக்கடி வரும் பயம் ஒன்று உண்டு: புதிய சொல்லைப் போட்டால் செயற்கையாகத் தெரியுமோ என்று. ஒரு பத்தியில் ஒன்றுக்கு மேல் திணித்தால் தெரியத்தான் செய்யும். எளிய சொல் முழு வேலையையும் செய்கிற இடத்தில் அதை மாற்றவே வேண்டாம். 'யூஸ்' போதுமான இடத்தில் 'யூட்டிலைஸ்' எதற்கு? 'கன்சீட்' போன்ற சொல் 'ஸே' சொல்லாத ஒன்றைச் சொல்கிறது, அதனால் அது தன் இடத்துக்குத் தகுதியானது. மாற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஜிஆர்இ தேர்வு இரண்டு மாதத்தில் இருக்கிறது என்றால் மட்டும் கணக்கு வேறு. அப்போது பட்டியல் இல்லாமல் முடியாது, ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது சொல்கூட எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தத் தேர்விலும் எதிர்ச்சொல் கேள்விகளையும் ஒப்புமைக் கேள்விகளையும் 2011-இல் நீக்கிவிட்டார்கள். இப்போது கேட்பது, வாக்கியத்தின் போக்கைப் பார்த்துக் காலி இடத்துக்கான சொல்லைத் தேர்ந்தெடுப்பது. ஆகவே அங்கேயும் கோடிட்ட வாக்கிய அட்டைதான் செல்லும். பட்டியலிலுள்ள சொல்லுக்குக் கற்பவர் அகராதியிலிருந்து ஒரு வாக்கியம் எடுத்து அட்டையாக்கிக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்ததும் அந்த அட்டைகளில் நீங்கள் வாசிப்பில் ஒருமுறைகூடச் சந்திக்காதவற்றை அழித்துவிட்டு, மீதியைத் தொடருங்கள்.